அன்பர்க்கு விடுக்கும் மின்மடல்

(நமது சங்கத்தின் கல்வி நிதி ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

   

நமது கல்வி நிதிக்குப் பொருளுதவி புரிந்துவரும் அன்பர்களுக்குத் திங்கள்தோறும் மின்னஞ்சல் வாயிலாக விடுக்கப்பெறும் மடலை எங்ஙனம் எழுதுதல் வேண்டும் என்பதுபற்றிச் சில சொல்லுமாறு நிர்வாக சபையார் எம்மைப் பணித்தனர். யாம் பள்ளியில் தமிழ் கற்பிக்கும் ஆசிரியர். இலக்கணமும் இலக்கியமும் ஒருவாறு பயின்றுள்ளோமேயன்றிக் கணினி நூலில் தேர்ச்சி உடையோம் அல்லோம். ஆயினும், சில ஆண்டுகளாக அம்மடலை எழுதும் பணி எம்பால் ஒப்புவிக்கப்பட்டிருத்தலானும், அப்பணியில் யாம் ஒரு பெரும்பிழை இழைத்து அதனாற் சில உண்மைகளைக் கற்றுக்கொண்டமையானும், இன்று பேச உடன்பட்டோம். அப்பிழையையும் மறையாது கூறுவோம்.

கொடையாளர்க்கு எழுதும் மடல் தமிழர்க்குப் புதியதொரு பொருளன்று. புலவர்கள் தம் வேண்டுகோளைச் செய்யுளாக்கி ஓலையில் எழுதி வள்ளல்களுக்கு விடுத்தனர். அதனைச் சீட்டுக்கவி என்றும் ஓலைத்தூக்கு என்றும் வழங்கினர். அதனினும் பழைமையுடையது ஆற்றுப்படை. பத்துப்பாட்டினுள் ஆற்றுப்படை ஐந்து. அவற்றுள் திருமுருகாற்றுப்படை ஒழிந்த நான்கும் இவ்வுலகத்துப் புரவலரிடம் ஆற்றுப்படுத்துவன. பரிசில் பெற்று மீளும் ஒருவன், வறுமையோடு எதிர்வரும் மற்றொருவனைக் கண்டு, தான் முன்னர் இருந்த நிலையும், பெற்ற பொருளும், பெற்ற இடமும், ஆங்குச் செல்லும் நெறியும் உரைப்பதே அதன் இயல்பு. இங்கே ஒன்றை உற்று நோக்குதல் வேண்டும். ஆற்றுப்படையில் தன் பழைய வறுமையைக் கூறுபவன் அவ்வறுமையை உற்றவனேயாவன். அதுவும், அது நீங்கிய பின்னரே கூறுகின்றான். அவனுக்காகப் பிறனொருவன் அதனைப் பறைசாற்றவில்லை. இவ்வேறுபாட்டைப் பின்னரும் நினைவுகூர்வோம்.

மூன்றாவதாக நம் முன்னோர் விட்டுச்சென்ற சான்று கோயிற் கல்வெட்டு. சோழர் காலத்தில் ஒருவர் நந்தாவிளக்கொன்று எரித்தற்குப் பெரும்பாலும் 96 ஆடுகளை வழங்கினர். அவ்வாடுகளை இன்ன இடையர் ஏற்றுக்கொண்டனர், அவர்கள் நாள்தோறும் உழக்கு நெய் அளத்தல் வேண்டும் என்பன கல்லிற் பொறிக்கப்பட்டன. கொடுத்தவர் பெயர், கொடுத்த பொருள், அதனை ஏற்றவர், அதனால் நிகழும் பணி என்னும் நான்கும் சில வரிகளில் அடங்கிவிட்டன. கொடைக்கு அணி அக்கணக்கே என்பது அவர்கள் கண்ட உண்மை.

இனி மின்னஞ்சலுக்கு வருவோம். 1971ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டுப் பொறியாளர் ரே டாம்லின்சன் என்பார், வலையால் இணைந்த ஒரு கணினியினின்றும் மற்றொரு கணினிக்குச் செய்தி விடுக்கும் வழியைக் கண்டு, ஆளின் பெயரையும் கணினியின் பெயரையும் பிரிக்க ஒரு சுழிக்குறியை இடையில் நிறுத்தினார். அக்குறியே இன்றும் நம் முகவரிகளில் உள்ளது. 1978ஆம் ஆண்டில் கணினி விற்கும் ஒரு நிறுவனத்தைச் சார்ந்த ஒருவர், அவ்வலையில் இருந்த ஏறக்குறைய 400 பேர்க்கு அவர் வேண்டாமலே விளம்பரச் செய்தியொன்றை ஒருங்கே விடுத்தார். அவருக்கு வணிகமும் கிட்டியது. பலருடைய சினமும் கிட்டியது. அன்று தொடங்கிய அவ்வழக்கம் பெருகி, இன்று ஒவ்வொருவர் அஞ்சற்பெட்டியும் அழையாத விருந்தினரால் நிரம்பியுள்ளது. அக்கூட்டத்தின் நடுவே நம் மடலும் சென்று நிற்கின்றது. படிக்கப்பெறாமல் அழிதல் அதற்கு இயல்பு, படிக்கப்பெறுதலே அரிது. அவ்வரிய பேற்றை அடையும் வழியைத் தேடி யாம் இருமுறை தவறினோம்.

முதலாண்டில் யாம் எழுதிய மடல்கள் எமக்கு மிக இனித்தன. மோனையும் எதுகையும் நிரம்ப, ஈகையின் பெருமையை மூன்று பக்க அளவில் விரித்தோம். திருக்குறளின் 23ஆம் அதிகாரமாகிய ஈகையை உரை வேறுபாடுகளோடு விளக்கினோம். நிதியைப்பற்றிய செய்தியோ ஈற்றில் இரண்டு வரியே. ஒருநாள் திருமண வீடொன்றில் நம் சங்கத்து முதியவர் ஒருவரைக் கண்டு, "மடல் வந்ததா?" என்று வினவினோம். "வந்தது பண்டிதரே! ஓய்வாக இருக்கும்போது படிக்கலாமென்று வைத்திருக்கிறேன்" என்றார். அவ்வோய்வு அவருக்கு இன்றளவும் வாய்த்திலது. குற்றம் அவருடையதன்று. அதே நூலில் பயனில சொல்லாமைக்கும் ஓர் அதிகாரம் உண்டென்பதை ஈகைக்கு உரை விரித்த யாம் மறந்துவிட்டோம்.

இரண்டாம் ஆண்டில் வேறு வழியிற் சென்றோம். பிற அறநிலையங்கள் பல விடுக்கும் மடல்களைத் தொகுத்து நோக்கினோம். ஒருவருடைய துன்பக் கதையும் அவருடைய நிழற்படமும் அவற்றில் தவறாது காணப்பட்டன. அவ்வாறே எழுதத் துணிந்தோம். நமது நிதியின் உதவியால் பதினோராம் வகுப்பிற் பயின்ற ஒரு மாணவியைத் தெரிந்துகொண்டோம். தந்தை காலமாயினார், தாய் தையல் வேலை செய்து குடும்பத்தைக் காத்துவந்தார், மருத்துவச் செலவால் வந்த கடன் ஒன்று தீராதிருந்தது. இவற்றை எழுதட்டுமா என்று அத்தாயைக் கேட்டோம். அவர் சிறிது நேரம் வாளா இருந்து, பின்னர்த் தலையை அசைத்தார். அதனை இசைவென்று கொண்டோம். உதவி பெறுவோர் உதவி தரும் இடத்தாரை நோக்கி "வேண்டாம்" என்று சொல்லுதல் எத்துணை அரிது என்பதை யாம் அப்போது எண்ணினோம் அல்லோம்.

மாணவியின் பெயர், ஊர், வீட்டு வாயிலில் எடுத்த நிழற்படம், கடன் தொகை எல்லாம் மடலில் இடம்பெற்றன. அதுவரை பேசாதிருந்த அன்பர் பலர் மறுமொழி எழுதினர். பொருளும் முன் ஒரு திங்களிலும் வாராத அளவில் வந்தது. எம் எழுத்து வன்மையை யாமே வியந்துகொண்டோம்.

பத்து நாள் கழிந்தது. அம்மடலை யாரோ ஒருவர் கைப்பேசி வாயிலாக உறவினர் குழுவொன்றிற்கு அனுப்ப, அது கைமாறிக் கைமாறி அம்மாணவியின் ஊரையும் பள்ளியையும் எய்தியது. ஒருநாள் மாலை அத்தாய் எம் இல்லத்திற்கு வந்தார். அமரவில்லை. "ஐயா, பிள்ளை படிக்கப் பணம் கொடுத்தீர்கள், கையெடுத்துக் கும்பிட்டோம். ஆனால், நாங்கள் கடன்பட்ட கதையை எங்கள் சம்பந்த வீட்டார் வாயால் நாங்களே கேட்கும்படி ஆகிவிட்டதே! பிள்ளை பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்கிறாள். இந்தப் பணமும் இனி வேண்டாமென்று சொல்லிவிட்டாள்" என்று கூறி, அவ்வாண்டுக்கு யாம் அளித்த தொகையில் எஞ்சியதை ஓர் உறையில் இட்டு எம் மேசைமேல் வைத்துச் சென்றார். மறுநாள் யாமும் நம் காரியதரிசியும் அவர்கள் வீட்டிற்குச் சென்று மன்னிப்புக் கேட்டோம். மாணவி வெளியே வந்திலள். நாட்சில கழித்துப் பள்ளிக்குச் சென்றாள். ஆனால் நமது நிதியைத் திரும்பவும் ஏற்றிலள்.

இதனை ஏன் இச்சபையிற் கூறுகின்றோம் எனின், நமது நிலை ஏனைய அறநிலையங்களின் நிலையினும் வேறாக இருத்தலின் என்க. அவற்றில் ஈவோர் ஓரிடத்தார், ஏற்போர் மற்றோரிடத்தார். ஒருவர் முகத்தை ஒருவர் காணார். நமது சங்கத்திலோ கொடுப்போரும் கொள்வோரும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்போர். பெண் கொடுத்துப் பெண் கொள்வோர். நாம் எழுதும் ஒரு வரி அயலார்க்குச் செய்தி. நம்மவர்க்கோ அது வீட்டு வாயிலில் ஒட்டிய விளம்பரம். வள்ளுவனார் இரவு என ஓர் அதிகாரமும், அதனை அடுத்து இரவச்சம் என ஓர் அதிகாரமும் வகுத்ததன் கருத்து, இவ்வம்மையார் உறையை வைத்துச் சென்ற அன்றே எமக்கு விளங்கியது. படிப்போர் உள்ளத்தை ஈர்த்தல் வேண்டும் என்பது மெய்யே. பெறுவோர் மானத்தை விற்று ஈர்த்தல் ஆகாது. இவ்வெல்லைக்குள் நின்று ஈர்க்கும் வழிகள் உளவா எனின், உள.

முதலாவது, யாருக்கு விடுப்பது என்பது. நம் மடலை வேண்டினோர்க்கே அது செல்லுதல் வேண்டும். திருமண அழைப்பிதழ்களிலிருந்தும் அங்கத்தினர் அட்டவணையிலிருந்தும் முகவரிகளைத் திரட்டி விடுத்தல் தகாது. 2023ஆம் ஆண்டில் இந்தியப் பாராளுமன்றம் இயற்றிய எண்ணிம முறைத் தனிமனிதத் தரவுப் பாதுகாப்புச் சட்டம், இசைவு என்பது தடையின்றியும் தெளிவாகவும் அளிக்கப்பெறுதல் வேண்டும் என்றும், அளித்தல் எவ்வளவு எளிதோ அவ்வளவு எளிதாகத் திரும்பப் பெறுதலும் இருத்தல் வேண்டும் என்றும், 18 வயது நிரம்பாதார் திறத்திற் பெற்றோர் இசைவு வேண்டும் என்றும் கூறுகின்றது. சட்டம் கூறாவிடினும் நாகரிகம் கூறுவது அதுவே. மேலும், பல நூறு முகவரிகளையும் எல்லாரும் காணும் கட்டத்தில் இட்டு விடுத்தல் பெருங்குற்றம். ஒருவர் முகவரியை மற்றவர் அறியாவண்ணம் விடுத்தல் வேண்டும்.

இரண்டாவது, தலைப்பு வரி. மடலைத் திறக்குமுன் அன்பர் முதன்மையாகக் காண்பன இரண்டு: விடுத்தவர் பெயரும் தலைப்பு வரியும். 2012ஆம் ஆண்டு அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தலில் ஒபாமாவின் தேர்தற் குழுவினர், ஒரு மடலுக்குப் பல தலைப்பு வரிகள் எழுதிச் சிறு தொகுதியினர்க்கு முதலில் விடுத்து, மிக்க பயன் தந்ததையே ஏனையோர்க்கு விடுத்தனர். எதிர்க்கட்சியார் தம்மினும் மிகுதியாகச் செலவிடுவர் என்னும் கருத்துடைய ஒரு தலைப்பு 26 இலட்சம் டாலருக்கு மேல் ஈட்டியது. தலைப்பு வரியின் ஆற்றலுக்கு இது சான்று. ஆயினும் அச்சமும் அவசரமும் காட்டும் தலைப்புத் தேர்தலோடு முடியும் காரியத்துக்கு ஏற்றது. ஆண்டுதோறும் முகம்பார்க்கும் உறவுக்கு ஏலாது. "திங்கள் மடல், எண் 27" என்று எழுதின் எவரும் திறவார். "உடனே உதவுக! கடைசி நாள்!" என்று மும்முறை எழுதின் நான்காம் முறை எவரும் நம்பார். "விடுதிக் கட்டணம் 14 பேர்க்குச் செலுத்தியாயிற்று" என்பது போன்ற மெய்ச்செய்தியே நமக்குப் பொருந்தும் தலைப்பு.

மூன்றாவது, ஒரு மடலுக்கு ஒரு பொருள். ஆண்டு விழாவும், இரங்கற் செய்தியும், கட்டட நிதியும், பொங்கல் வாழ்த்தும் ஒரே மடலில் திணிப்பின் ஒன்றும் மனத்தில் நில்லாது. அன்பர் பலர் கைப்பேசியின் சிறு திரையில், பேருந்திலோ அலுவலக இடைவேளையிலோ படிப்பர். முதல் இரண்டு வரிக்குள் செய்தி வெளிப்படுதல் வேண்டும். "கல்வியே கண்" என்று தொடங்கி நான்காம் பத்தியிற் செய்தியைக் காட்டுதல் எம் போன்ற பண்டிதர்க்கு இயல்பான நோய். எழுதி முடித்தபின் முதற்பத்தியை அடித்துவிட்டு நோக்குக. பெரும்பாலும் மடல் இரண்டாம் பத்தியிலேதான் தொடங்கியிருக்கும்.

நான்காவது, கணக்கு. நந்தாவிளக்கின் கல்வெட்டைப் போல, கொடுத்த பொருள் எவ்விடம் சென்று எதனைச் செய்தது என்பதைக் கூறுதல் வேண்டும். "தங்கள் பேருதவியால் பல மாணவர் பயன்பெற்றனர்" என்பதில் அளவுமில்லை, உயிருமில்லை. இத்தனை மாணவர்க்கு இத்தனை ரூபாய் விடுதிக் கட்டணம். இருவர்க்குச் செலுத்த இயலவில்லை. காரணம் இன்னது என்று எழுதுக. இயலாமையையும் எழுதுவதால் நன்கொடை குறையும் என்று பொக்கிஷதார் ஒருவர் அஞ்சினார். யாம் கண்டது வேறு. இயலாமையை ஒளியாது எழுதிய மடலுக்கே, "அவ்விருவர்க்கு யாது வேண்டும்?" என்று வினவி மறுமொழிகள் வந்தன.

ஐந்தாவது, பெற்றோரின் சொல். ஆற்றுப்படையின் நெறி இங்கே துணை செய்கின்றது. நிதியாற் படித்து நிலைபெற்ற ஒருவர், தாமே விரும்பின், தம் கதையைத் தம் சொல்லால் எழுதட்டும். பள்ளியிற் பயிலும் சிறாரின் வறுமையை நாம் எழுதுதல் வேண்டா. அவர் கற்றதை எழுதலாம். சென்ற ஆண்டு ஒரு மாணவன் பெயரிடாது எழுதிய ஆறு வரியை வெளியிட்டோம். விடுதியில் முதன்முறையாக நூலகத்தைக் கண்டதும், அங்கே மின்விசிறியின்கீழ் உறங்கிப்போனதும் அவன் எழுதியவை. வறுமை என்னும் சொல் அதில் இல்லை. எம் மூன்று பக்க மடலுக்கு வாராத மறுமொழி அவ்வாறு வரிக்கு வந்தது.

ஆறாவது, வேண்டுகோள். கேட்டல் இழுக்கன்று, கேட்டுக்கொண்டே இருத்தல் இழுக்கு. அயல்நாட்டில் வாழும் நம் அன்பரொருவர், "மூன்றாண்டாக உங்கள் மடல் எனக்கு வருகிறது. ஒருமுறையாவது பணம் கேட்காமல் வந்ததில்லை" என்று எழுதினார். அதன்பின் ஒரு முறை வகுத்துக்கொண்டோம். மூன்று மடல் நன்றியும் கணக்கும் செய்தியுமாகச் செல்லும். நான்காவது மடலே வேண்டுகோள் தாங்கிச் செல்லும். அவ்வேண்டுகோளும் ஒன்றாக இருத்தல் வேண்டும். அதன் அளவும், பொருள் செலுத்தும் வழியும், பற்றுச்சீட்டு எப்போது வரும் என்பதும் தெளிவாக இருத்தல் வேண்டும். மறுமொழி எழுதினால் அதனைப் படிக்க ஓர் ஆள் இருத்தலும் வேண்டும். "இம்முகவரிக்கு மறுமொழி எழுதற்க" என்று குறித்து அனுப்பும் மடல், கதவை உட்புறம் தாழிட்டுக்கொண்டு விருந்தினரை அழைப்பதை ஒக்கும்.

ஏழாவது, கருவியின் முறை. இதனை நம் இளைஞர் எமக்குக் கற்பித்தனர். கூகுள், யாஹூ ஆகிய நிறுவனங்கள் 2024ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் பெருந்தொகையாக மடல் விடுப்போர்க்குக் கட்டுப்பாடுகள் விதித்தன. நாளொன்றுக்கு 5,000 மடலுக்கு மேல் ஜிமெயிலுக்கு விடுப்போர், தம் மடலுக்கு மூவகைச் சான்று வைத்தல் வேண்டும். நம் பெயரால் மடல் விடுக்க உரிமையுடைய கணினிகள் இவை என்னும் அட்டவணை எஸ்.பி.எஃப். எனப்படும், மடல் இடையில் மாற்றப்படவில்லை என்று காட்டும் முத்திரை டி.கே.ஐ.எம். எனப்படும், இவை பொருந்தாத மடலை யாது செய்வது என்னும் கட்டளை டிமார்க் எனப்படும். விலக விரும்புவார் ஒரே சொடுக்கில் விலக வழி வைத்தல் வேண்டும். குப்பை மடல் என்று குற்றம் சாட்டுவோர் தொகை 1,000க்கு 3 என்னும் அளவை எட்டலாகாது. நம்முடையது சிறு தொகையே; ஆயினும் சிறு தொகையினரும் முதலிரண்டு சான்றுகளுள் ஒன்றையேனும் வைத்தல் வேண்டும். விலகும் வழியை மறைத்து வைப்போர் அன்பரைப் பிணித்து வைப்பதில்லை, குற்றச்சாட்டின்பாலே தள்ளிவிடுகின்றனர்.

இன்னும் சில. மடல் ஏறத்தாழ 102 கிலோபைட் அளவை விஞ்சின் ஜிமெயில் எஞ்சிய பகுதியை வெட்டி மறைத்துவிடும். செய்தி முழுவதையும் ஒரு படமாக்கி விடுப்பின், படம் தோன்றாத இடத்தில் வெற்றிடமே தோன்றும். திரைவாசிப்பானைக் கேட்டுப் படிக்கும் பார்வையற்ற அன்பர்க்கும் அது ஊமையாகும். தமிழைப் பழைய எழுத்துருக்களில் அடிப்பின் சிலர் திரையில் எழுத்துச் சிதைந்து தோன்றும். யூனிகோட் முறையிலேயே எழுதுக. எத்தனை பேர் திறந்தனர் என்னும் எண்ணைக் கண்டு மகிழ்தலும் வேண்டா. 2021ஆம் ஆண்டில் ஆப்பிள் நிறுவனத்தார் தம் அஞ்சற் செயலியில், மடலிலுள்ள படங்கள் பயனர் திறவாமலே முன்னரே பெறப்படுமாறு அமைத்தனர். படம் பெறப்பட்டதைக் கொண்டே திறந்தமையைக் கணிப்பதால், அவ்வெண் பொய்யாகப் பெருகியது. மறுமொழி எழுதினோர் எத்தனை பேர் என்பதை எண்ணுக, அதுவே மெய்யளவை.

பேச்சு நீண்டது, முடிப்போம். இச்சபையார்முன் மூன்று வேண்டுகோள் வைக்கின்றோம். மாணவரைப்பற்றி ஒரு சொல் எழுதுவதாயினும், உதவித்தொகை வழங்கி முடிந்த பின்னரே, அவரிடமும் பெற்றோரிடமும் எழுத்து மூலம் இசைவு பெறுதல் வேண்டும். மறுப்பின் உதவி குறையாது என்பதை அவ்விசைவுத் தாளிலேயே அச்சிடுதல் வேண்டும். எழுதியதை விடுக்குமுன் அவர்கட்குப் படித்துக் காட்டி, அவர் அடிக்கும் வரியை நாமும் அடித்துவிடுதல் வேண்டும். பயிலும் சிறாரின் பெயர், ஊர், நிழற்படம் ஆகியவற்றை எக்காலத்தும் வெளியிடலாகாது. இவற்றாற் சில ஆயிரம் ரூபாய் குறையலாம். குறையட்டும். 

அம்மாணவி செவிலியர் பயிற்சி முடித்து இன்று ஒரு மருத்துவமனையில் பணிபுரிகின்றாள் என்று அண்மையிற் கேள்வியுற்றோம். அவள் தாய் இரவும் பகலும் தைத்துப் படிக்கவைத்தார். கேட்டு மகிழ்ந்தோம், அம்மகிழ்ச்சியின் இடையே, அவள் கல்விக்கென அன்பர்கள் அளித்த பொருள் அவளைச் சென்று சேராமற் போயிற்றே என்று நாணினோம். அதனைத் தடுத்தது வறுமையன்று, எமது மடல். இனி நாம் விடுக்கும் மடல், கொடுப்போர் கையையும் கொள்வோர் கையையும் ஒருசேரக் காப்பதாகுக.